பன்னிரண்டு புள்ளி நாலு

மே 19, திங்கள்

இந்த நோட்டு கம்பெனி கொடுத்தது. நாற்பது வயது தாண்டிய எல்லோருக்கும் ஒன்று. தினமும் என்ன சாப்பிட்டோம், எவ்வளவு நடந்தோம், எத்தனை மணி நேரம் தூங்கினோம் என்று எழுத வேண்டுமாம். எங்கள் ஃபவுண்டரியில் எத்தனை பேருக்குச் சர்க்கரை இருக்கிறது, ஏன் வருகிறது என்று கணக்கெடுக்கப் போகிறார்கள். முதலுதவி அறை ஜெசிந்தா சிஸ்டர் கேன்டீன் வாசலில் நின்று ஒவ்வொருவர் இடுப்பையும் டேப் வைத்து அளந்தார். எனக்கு நூற்று நான்கு சென்டிமீட்டர்.

"மூச்சை உள்ள இழுக்காதீங்க சென்னியப்பன். நெஞ்சை அளக்கல, வயித்தத்தான் அளக்கறேன்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்கள் முறை வந்தபோது நானும் சிரித்தேன்.

அப்புறம் ஒரு படிவம். புகை உண்டா, நைட் ஷிப்ட் மாதத்தில் எத்தனை, வேலை நின்றா உட்கார்ந்தா. நான் கிரேன் ஆபரேட்டர். பத்தொன்பது வருடமாக, தரையிலிருந்து நாற்பதடி உயரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து, உருகிய இரும்பு நிறைந்த லேடில் என்கிற பெரிய வாளியைத் தூக்கி அச்சுகளுக்குக் கொண்டு போகிறேன். உட்கார்ந்து என்று எழுதினேன். அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை இருந்ததா என்று ஒரு கேள்வி. இல்லை என்று டிக் அடித்தேன். அப்பாவுக்குச் சர்க்கரையில் கால் எடுத்ததைப் பற்றித் தனியாக எதுவும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்கிறார்களாம். சர்க்கரை இருந்தால் கிரேனில் ஏற்றமாட்டார்கள் என்று பேச்சு. போன வருடம் இரண்டாவது யூனிட்டில் ஒருவரை இறக்கி மணல் யார்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இருபது வருடம் மேலே இருந்த மனுஷன் இப்போது கீழே மண்வெட்டியோடு நிற்கிறார். யாரும் அவரை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

காலை: ஆறு இட்லி. நாலு என்று வைத்துக்கொள்ளலாம்.

மே 20, செவ்வாய்

எனக்குச் சர்க்கரை வந்து நாலு வருடம் ஆகிறது. இதை எழுதினால் இந்த நோட்டைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்று தெரியும். கொடுக்கப் போவதில்லை. கேட்டால் பஸ்ஸில் தொலைந்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.

ருக்மணிக்கும் சிங்காநல்லூர் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும். மாத்திரையை ருக்மணி ஒரு சத்து மாத்திரை டப்பாவில் போட்டு எண்ணி வைப்பாள். ஒரு வேளை தவறினாலும் கண்டுபிடித்துவிடுவாள். கடைசியாக ரத்தம் பார்த்து எட்டு மாதம் ஆகிறது. பார்க்கப் பயம், அவ்வளவுதான்.

மே 21, புதன்

பூபதியிடம் பேசிவிட்டேன்.

பூபதி எனக்குக் கீழே, தரையில் நிற்பவன். லேடிலில் கொக்கி மாட்டுவதும், முன்னால் நடந்தபடி எனக்குக் கை காட்டுவதும் அவன் வேலை. ஒன்பது வருடம் ஆகிறது. முப்பத்திநாலு வயது, கான்ட்ராக்ட். நான் நீல ஹெல்மெட், அவன் மஞ்சள் ஹெல்மெட். மேலே இருந்து பார்த்தால் எனக்கு அந்த மஞ்சள் வட்டமும் இரண்டு கைகளும்தான் தெரியும். அந்தக் கைகளை நம்பித்தான் நான் லீவரைத் தொடுகிறேன். இந்தக் கம்பெனியில் வேறு யாரையும் நான் அப்படி நம்பியதில்லை.

டீக்கடையில் மெதுவாக ஆரம்பித்தேன்.

"உனக்குச் சக்கரை கிக்கரை ஏதாச்சும் இருக்குதாடா?"

"எனக்கெங்கீங்ணா வருது? ஒடம்புல சதையே இல்ல. சக்கரை எங்க போய் உக்காரும்?"

விஷயத்தைச் சொன்னேன். லேப்காரர்கள் வெளியிலிருந்து வருகிறார்கள், யாருக்கும் யார் முகமும் தெரியாது, டோக்கன் நம்பர் மட்டும்தான் கேட்பார்கள் என்றேன்.

"எங்களுக்கெல்லாம் டெஸ்ட் இல்லீங்ளா?"

"பெர்மனென்ட்டுக்கு மட்டும்தான்."

"அப்பச் செரி. எப்படியும் என்னோட ரத்தத்த எவனும் பாக்கப்போறதில்ல. உங்களுக்காச்சும் ஆவட்டும்."

யோசிக்கவே இல்லை. நானாக இருந்தால் இரண்டு நாள் கேட்டிருப்பேன்.

மே 22, வியாழன்

முடிந்தது. காலை ஆறரைக்குக் கழிப்பறைப் பக்கம் என் நீல ஹெல்மெட்டைக் கழற்றி அவனிடம் கொடுத்தேன். அவன் அதை வைத்துக்கொண்டு கண்ணாடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தான்.

"எப்படீங்ணா இருக்குது? பெர்மனென்ட் மாதிரி இருக்கனா?"

"போடா, நேரமாச்சு."

கால் மணி நேரத்தில் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு வந்தான். நரம்பு கிடைக்கவில்லை என்று அந்தப் பெண் இரண்டு தடவை குத்தினாளாம். பெயர் கேட்டபோது "சென்னியப்பன்" என்று கம்பீரமாகச் சொன்னானாம். பொங்கலும் வடையும் வாங்கிக் கொடுத்தேன். மூன்று டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டான்.

மே 30, வெள்ளி

சிஸ்டர் கூப்பிட்டு அனுப்பினார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"வெறும் வயித்துல முன்னூத்திப் பதினெட்டு. மூணு மாசச் சராசரி பன்னெண்டு புள்ளி நாலு. எப்படி நடமாடிட்டிருக்கீங்க நீங்க?"

அவர் கேட்டுக்கொண்டே போனார். ரொம்பத் தாகம் எடுக்குதா? ராத்திரி எத்தனை தடவ எந்திரிக்கறீங்க? எடை குறைஞ்சுதா? கண்ணு மங்குதா? கால் மரத்துப் போகுதா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். எல்லாமே உண்மை. எனக்கு இல்லை.

"நம்பவே முடியல" என்று பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஷிப்ட் இன்சார்ஜ் திருமூர்த்தி சாருக்குப் போன் போயிற்று. பதினோரு மணிக்கு என்னைக் கிரேனிலிருந்து இறக்கிவிட்டார்கள். திங்கள் முதல் மணல் யார்டு. என்ன நடக்கக் கூடாது என்று இத்தனை பாடுபட்டேனோ அதுவே நடந்தது, அதுவும் இன்னொருவன் ரத்தத்தால்.

லேப் மெஷினில் கோளாறு. சந்தேகமே இல்லை. பூபதி மாதிரி ஒல்லியான ஆளுக்கு எப்படி வரும்?

போன மாதம் அவன் ஆணியைச் சுடவைத்து பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டான். அது இப்போது எதற்கு நினைவுக்கு வருகிறது என்று தெரியவில்லை.

மே 31, சனி

பூபதி கேட்டான், "என்னங்ணா, ரிசல்ட்டு நல்லாத்தான வந்துச்சு? அப்பறம் எதுக்கு உங்கள எறக்குனாங்க?"

"அது வேற விஷயம்டா. கண்ணு செக்கப்பு."

ஜூன் 1, ஞாயிறு

ருக்மணியிடம் ரிப்போர்ட்டைக் காட்டினேன். ரத்தம் மாற்றியதைச் சொல்லவில்லை. அவள் இரண்டு தடவை படித்தாள்.

"உங்க மாத்திரைய நாந்தான எண்ணி வெக்கறேன். இத்தன ஏற வழியே இல்லீங்க. இது வேற யாருதோ."

"ஆமா, லேப்ல மாத்திட்டாங்க."

"பாவம், அது யாரோ."

மறுபடியும் டெஸ்ட் கேட்கப் போகிறேன். அதுவரை அரிசி கிடையாது, ராகிக் களி, கொள்ளு ரசம், சாயங்காலம் ஐந்து கிலோமீட்டர். ருக்மணிக்கு ஒரே சந்தோஷம். நாலு வருடமாகச் சொல்லிக் கேட்காதவன் ஒரே நாளில் திருந்திவிட்டேனாம்.

ஜூன் 2, திங்கள்

மணல் யார்டு. பழைய அச்சு மணலைச் சலித்துத் தள்ளுவண்டியில் ஏற்ற வேண்டும். மதியத்துக்குள் இடுப்பு போய்விட்டது. மேலே என் கிரேனை ஒரு புதுப் பையன் ஓட்டுகிறான். லேடில் ஊஞ்சல் ஆடுகிறது. பார்க்கவே எரிச்சல்.

மதியம் பூபதி என்னைப் பார்க்க வந்தான். இத்தனை வருடத்தில் அவனைப் பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் பார்த்தது குறைவு. கன்னம் ஒட்டியிருக்கிறது. மூன்று சொம்பு தண்ணீர் குடித்தான். ஒரு மணி நேரத்தில் இரண்டு தடவை ஒதுங்கப் போனான். வெயில் அப்படி.

சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் சொன்னால் என்ன ஆகும்? அவன் நேராக சிஸ்டரிடம் போவான். ஆள் மாறாட்டம் வெளியே வரும். என்னை வீட்டுக்கு அனுப்புவார்கள். அவனையும் கான்ட்ராக்டர் மறுநாளிலிருந்து கூப்பிடமாட்டார். சீக்காளியை எந்தக் கான்ட்ராக்டர் வைத்துக்கொள்வான்? சொல்லாமல் இருப்பது அவனுக்கும் நல்லதுதான்.

எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். அவனுக்கும் என்ற வார்த்தையில் அந்த 'உம்' இடிக்கிறது.

ஜூன் 5, வியாழன்

என் ரத்தத்தை நானே கொடுத்தேன். சிஸ்டர் கூடவே நின்றார்.

ஜூன் 9, திங்கள்

வெறும் வயிற்றில் நூற்று முப்பத்தெட்டு. மூன்று மாதச் சராசரி ஏழு புள்ளி எட்டு.

சர்க்கரை இருக்கிறது, ஆனால் கட்டுக்குள் இருக்கிறது என்றார் சிஸ்டர். ஒழுங்காக மாத்திரை எடுத்தால் போதுமாம். கிரேன் ஏற ஒன்பதுக்குள் இருந்தால் சரி என்று விதி இருக்கிறதாம். ஒன்பது! இதை எவனாவது ஒருவன் முதலிலேயே நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தால் என்ன? என் ரத்தத்தை அன்றைக்கே நானே கொடுத்திருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது. அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

லேப்பிலிருந்து மன்னிப்புக் கடிதம் வந்துவிட்டது. சாம்பிள் மாறியிருக்கலாமாம். திருமூர்த்தி சார் கை கொடுத்தார். நாளை முதல் மறுபடியும் மேலே.

நான் எழுந்தபோது சிஸ்டர் கேட்டார்.

"அப்ப அந்தப் பன்னெண்டு புள்ளி நாலு யாரோடது சென்னியப்பன்?"

"எனக்கெப்படிங்க தெரியும்?"

"எவனோ ஒருத்தன் அதோட இந்த ஷெட்டுக்குள்ள சுத்திட்டிருக்கான். அவன் கைக்கு நல்ல ரிப்போர்ட் போயிருக்கும். ஜம்முனு இருக்கோம்னு நினைச்சிட்டிருப்பான். எனக்குத் தூக்கமே வரல."

ஜூன் 10, செவ்வாய்

மேலே ஏறினேன். சீட்டை உயரம் மாற்றி வைத்திருந்தான் அந்தப் பையன். சரி செய்தேன். கீழே பூபதி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டான்.

ஜூன் 13, வெள்ளி

கேன்டீனில் கூட்டம். இருநூற்று எண்பத்தாறு பேரைப் பார்த்ததில் எழுபத்தோரு பேருக்குச் சர்க்கரை. அதில் முப்பத்தெட்டுப் பேருக்கு இத்தனை நாள் தெரியவே தெரியாது. தொப்பை, மாறி மாறி வரும் ஷிப்ட், தூக்கக் கேடு, அப்பா அம்மா வழி, வேளைக்கு ஒரு டீ என்று ஒரு டாக்டர் திரையில் படம் போட்டுக் காட்டினார். ஒல்லியாக இருப்பவர்களுக்கும் வரும், அவர்கள்தான் கடைசியில் கண்டுபிடிக்கப்படுகிறார்கள் என்றார். நான் கைதட்டினேன். எல்லோரும் தட்டினார்கள்.

கான்ட்ராக்ட் ஆட்கள் இருநூறு பேருக்கு மேல் இருப்பார்கள். அவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. கூட்டம் நடந்தபோது அவர்கள்தான் உலையைப் பார்த்துக்கொண்டார்கள்.

வரிசையில் எனக்கு முன்னும் பின்னும் பெயர் இருந்த ஆறு பேரை சிஸ்டர் மறுபடி டெஸ்ட் செய்துவிட்டாராம். ஆறு பேரும் நல்லபடியாக இருக்கிறார்கள். என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு உங்களுக்குப் பக்கத்துல யார் நின்னாங்க? நல்லா யோசிங்க."

"ஞாபகம் இல்லீங்க சிஸ்டர்."

"ஒரு உயிருங்க சென்னியப்பன்."

ஞாபகம் இல்லை என்று இன்னொரு தடவையும் சொன்னேன்.

ஜூன் 17, செவ்வாய்

மதியம் பூபதி பூட்ஸைக் கழற்றினான். சாக்ஸில் ரத்தம். கட்டை விரலுக்குக் கீழே ஒரு இரும்புச் சிம்பு ஏறி உடைந்து நிற்கிறது. என்றைக்கு ஏறியது என்று அவனுக்கே தெரியவில்லை.

"வலிக்கலியாடா?"

"மதமதன்னு இருக்குதுங்ணா. வலி ஒண்ணும் தெரியல. ஒரு விதத்துல நல்லதுதான்."

சிம்பைப் பிடுங்கி மஞ்சளைக் கொண்டுவந்து வைத்தான். அந்த இடத்தைச் சுற்றிக் கறுத்திருந்தது.

"எதுக்கும் ஒரு தடவ ஆஸ்பத்திரியில காட்டிரு. ரத்தமும் பாத்துக்க."

"லீவு போட்டா அடுத்த நாள் கேட்லயே நிறுத்தீருவாங்ணா. பாத்துக்கலாம் விடுங்க."

ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டேன். ரத்தம் பார்க்கவும் சொல்லிவிட்டேன். இதற்கு மேல் நான் என்ன செய்ய முடியும்?

ஜூன் 19, வியாழன்

ஒன்று செய்தேன். என் டப்பாவிலிருந்து பத்து மாத்திரை எடுத்துக் காகிதத்தில் மடித்துப் பூபதியிடம் கொடுத்தேன். சத்து மாத்திரை, காலையில் ஒன்று ராத்திரி ஒன்று என்றேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். உங்களுக்கு எம்மேல இத்தன அக்கறையாங்ணா என்று கேட்டான்.

இரண்டு நாளாக இல்லாத நிம்மதியோடு சாப்பிட்டேன்.

ஜூன் 21, சனி

"பத்து மாத்திர கொறையுது" என்றாள் ருக்மணி.

கீழே கொட்டிவிட்டது, பெருக்கிவிட்டேன் என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கக் கிளம்பிவிட்டேன்.

பூபதி இன்று சோறு இறங்கவில்லை என்று டிபன் டப்பாவை அப்படியே மூடிவிட்டான். வாந்தி வருகிறதாம். மாத்திரை சூடாக இருக்கலாம் என்றான். திங்கட்கிழமை கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன்.

ஜூன் 23, திங்கள்

சொல்லவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

சுருக்கமாக எழுதுகிறேன்.

காலை பத்தே முக்கால். லேடிலில் இரண்டு டன் இரும்புக் குழம்பு. தரையிலிருந்து பத்தடி உயரத்தில் நகர்த்திக்கொண்டிருந்தேன். முன்னால் பூபதி கை காட்டியபடி பின்னோக்கி நடந்தான். திடீரென்று அவன் கை இறங்கியது. நின்றான். பூட்ஸ் கயிறு கட்டுகிறவன் மாதிரி மெதுவாக நடுவழியில் உட்கார்ந்தான். லேடில் அவனை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

பிரேக் போட்டேன். போட்ட வேகத்தில் லேடில் ஆடியது. விளிம்பிலிருந்து ஒரு கை அளவு குழம்பு வழிந்து அவனுக்கு இரண்டடி தள்ளி மணலில் விழுந்து பொரிந்தது. ஹாரனை அமுக்கிப் பிடித்தேன். அவன் நிமிரவில்லை. அவன் தலைக்கு மேலே, சற்றுத் தள்ளித் தொங்கிய அந்தச் சிவப்பையும் மஞ்சள் ஹெல்மெட்டையும் சேர்த்துப் பார்த்தபடி லீவரை இம்மி இம்மியாகப் பின்னால் இழுத்தேன். அந்த நேரத்தில் நான் சாமி கும்பிட்டேன். கும்பிட எனக்கு யோக்கியதை இல்லை.

இரண்டு பேர் அவனை இழுத்துப் போட்டார்கள். செக்யூரிட்டி குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "தண்ணி போட்டிருக்கான் சார், வாய் நாறுது" என்றார். நான் உடனே இறங்கி ஓடிப் போய், இது குடி இல்லை, சர்க்கரை என்று சொன்னேன். ஆம்புலன்ஸில் கொண்டு போனார்கள். உயிர் இருக்கிறது.

ஜூன் 25, புதன்

உடனே என்று எழுதியது பொய்.

குழம்பு இறுகிவிடும் என்பதால் இன்னொருவனைக் கை காட்ட வைத்து மிச்சத்தை ஊற்றச் சொன்னார்கள். அதற்குப் பதினோரு நிமிடம். அது கட்டாயம். அதற்கு அப்புறம் செய்தது எதுவும் கட்டாயம் இல்லை. கிரேனை ஓரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினேன். லாக் புக் எழுதினேன். கண்ணாடியைத் துடைத்தேன். பத்தொன்பது வருடத்தில் ஷிப்ட் நடுவே நான் அந்தக் கண்ணாடியைத் துடைத்ததே இல்லை.

இறங்கி வந்தபோது அவனைக் கேட் பக்கம் கொண்டு போயிருந்தார்கள். திருமூர்த்தி சார் போனில் கான்ட்ராக்டரிடம் கத்திக்கொண்டிருந்தார். "குடிச்சிட்டு லேடிலுக்கு அடியில வந்து உக்கார்றான்யா. நாளையிலிருந்து இவன அனுப்பாத. ஆட்டோவுல ஏத்தி வீட்டுக்கு அனுப்பறோம், இத்தோட முடிச்சுக்க." ஆட்டோ வந்து நின்றது. செக்யூரிட்டி அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்.

நான் பக்கத்தில் போனேன். அவன் பெரிது பெரிதாக மூச்சு வாங்கினான். பழம் அழுகியது மாதிரி ஒரு வாசம். எனக்கு அந்த வாசம் தெரியும். அப்பா கடைசி இரண்டு நாள் கட்டிலில் அப்படித்தான் மூச்சு விட்டார், வீடு முழுக்க அந்த வாசம்தான். அப்போதும் பக்கத்து வீட்டுக்காரர், பெரியவர் குடித்திருக்கிறாரா என்று கேட்டார்.

"சார், ஆட்டோவுல ஏத்தாதீங்க."

"நீ எதுக்கு இங்க வந்த?"

"இவன் குடிக்கல சார். இது சக்கரை. அந்தப் பன்னெண்டு புள்ளி நாலு இவனோடதுதான். என் ஹெல்மெட்ட மாட்டிட்டு எனக்காக இவன்தான் ரத்தம் குடுத்தான்."

திருமூர்த்தி சார் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. அப்படியே என்னைப் பார்த்தார். சிஸ்டர் ஓடி வந்து விரலில் குத்தி மெஷினில் வைத்தார். நம்பர் வரவில்லை. அளக்க முடியாத அளவுக்கு ஏறிவிட்டால் மெஷின் நம்பர் காட்டாதாம். பூட்ஸைக் கழற்றிய செக்யூரிட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் வாய் திறக்க மொத்தம் இருபத்தைந்து நிமிடம். லாக் புக்கில் நானே எழுதிய நேரத்தை வைத்துத்தான் இதைக் கணக்குப் போட்டேன்.

ஜூன் 26, வியாழன்

சஸ்பெண்ட். விசாரணை வரும்.

கடிதம் வாங்கப் போனபோது சிஸ்டர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னார்.

"ரிப்போர்ட் வந்தப்ப நீங்களும் லேப் தப்புன்னுதான் நம்பிட்டீங்க. ஒல்லியான ஆளு, இவனுக்கு இருக்காதுன்னு நினைச்சிட்டீங்க. கீழ விழுந்தப்பத்தான் உறைச்சது. அப்படித்தான?"

தலையாட்டினேன்.

"விசாரணையில அதையே சொல்லுங்க. வேலையாச்சும் மிஞ்சும்."

நல்ல மனசு அவருக்கு. எனக்கு வெளியே வர ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார்.

ஜூன் 29, ஞாயிறு

ருக்மணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "அந்தப் பத்து மாத்திர?" அதையும் சொன்னேன். அதற்கப்புறம் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

பூபதிக்கு நினைவு வந்துவிட்டது. பெரியாஸ்பத்திரியில் வலது காலில் கட்டை விரலையும் பக்கத்து விரலையும் எடுத்துவிட்டார்கள். அழுகல் காலில் மேலே ஏறாமல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

ஜூலை 1, செவ்வாய்

விசாரணை. லேப் தப்பு என்று நம்பினேன் என்றேன். எழுதிக்கொண்டார்கள். இங்க்ரிமென்ட் வெட்டு, மூன்று மாதம் மணல் யார்டு, அப்புறம் மறுபடி கிரேன் கொடுப்பதைப் பற்றி யோசிப்பார்களாம். வெளியே வந்த திருமூர்த்தி சார், "தப்பிச்சிட்டய்யா" என்று தோளைத் தட்டினார்.

கம்பெனி இனிமேல் கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் ரத்தம் பார்க்கப் போகிறது. சிஸ்டர் சண்டை போட்டு வாங்கிவிட்டார்.

ஜூலை 3, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆண்கள் வார்டு, ஜன்னல் ஓரக் கட்டில். பூபதியின் மனைவி வளர்மதி எழுந்து நின்று ஸ்டூலை எனக்கு நகர்த்திப் போட்டாள். அவன் கால் முழங்கால் வரை வெள்ளைத் துணியாக இருந்தது. முகத்தில் சதை கொஞ்சம் வந்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் சிரித்தான். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

"நீங்க மட்டும் அன்னிக்கு ஓடி வந்து சொல்லலீன்னா நான் ஆட்டோவுலயே போயிருப்பேன்னு டாக்டர் சொன்னாருங்ணா."

வளர்மதி கையைக் கூப்பினாள். அவள்தான் மெதுவாகக் கேட்டாள். குத்திக் காட்டக் கேட்கவில்லை. டாக்டர் சொன்னது அவள் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒரு மாசம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா மாத்திர ஊசியோடவே போயிருக்கும், வெரல எடுத்திருக்க வேண்டியதில்லைன்னு டாக்டர் சொல்றாருங்ணா. உங்களுக்கு எப்பங்ணா தெரியும்?"

விசாரணையில் சொன்ன பதில் நாக்கு நுனியில் இருந்தது. லேப் தப்புன்னு நினைச்சேன் வளர்மதி. கம்பெனியே அதை நம்பி எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டது. இவர்களும் நம்பியிருப்பார்கள். எனக்குச் சாப்பாடு கூடப் போட்டு அனுப்பியிருப்பார்கள்.

"மே முப்பது" என்றேன். "ரிப்போர்ட் வந்த அன்னிக்கே தெரியும்."

அவள் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்திவிட்டாள். பக்கத்துக் கட்டில்காரர் ரேடியோவைச் சத்தமாக வைத்திருந்தார். பூபதி என்னைப் பார்க்கவில்லை, கூரையில் ஓடிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். குரலில் கோபம் இல்லை. ஒரு கணக்கைச் சரிபார்ப்பவன் மாதிரி கேட்டான்.

"அப்ப ரெண்டாந்தேதி உங்களுக்குத் தெரியும்."

"எந்த ரெண்டாந்தேதி?"

"பையனுக்குக் காது குத்துன மறுநா. மணல் யார்டுக்கு லட்டு கொண்டாந்தேன். உங்களுக்குன்னு ரெண்டு தனியா எடுத்து வெச்சிருந்தேன். எனக்கு வேண்டாம், நீயே தின்னுடான்னு திருப்பிக் குடுத்தீங்க. என்னோட ரெண்டோட சேத்து நாலையும் நானே தின்னேன். தின்னு முடிக்கற வரைக்கும் பக்கத்துல உக்காந்து பாத்துட்டிருந்தீங்களேண்ணா."

"ஆமா" என்றேன்.

வளர்மதி ஸ்டூலைத் திரும்ப எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். நான் எப்போது எழுந்து நின்றேன் என்று எனக்குத் தெரியவில்லை.

பஸ்ஸில் வரும்போது அந்த நாளை முழுக்க நினைத்துப் பார்த்தேன். மூன்றாவது லட்டை அவன் பிட்டபோது என் கை நீண்டது. தடுக்கத்தான் நீண்டது. அப்புறம் அதே கையால் தண்ணீர்ச் சொம்பை எடுத்து அவனிடம் கொடுத்தேன். தண்ணீரை மட்டும்தான் அன்று எழுதியிருக்கிறேன்.